ஹமாய்க்கா: அடுப்பை எப்போது அணைப்பது?

மெக்ஸிகோவில் மதிய நேரத்தில் ஒரு சின்ன உணவகத்தில் உட்கார்ந்தால் சூப், சோறு, குழம்பு என்று வரும் அன்றைய சாப்பாட்டோடு ‘அன்றைய தண்ணீர்’ ஒரு தம்ளரும் சேர்ந்தே வரும். பழமோ விதையோ பூவோ கரைத்த இனிப்புத் தண்ணீர். அக்வா ஃப்ரெஸ்கா என்பது பொதுப்பெயர். சந்தைக் கடைகளில் இடுப்பளவு மேசைமேல் பெரிய கண்ணாடிப் பரணிகளில் நிரப்பி, நீண்ட கரண்டியால் மொண்டு ஊற்றுவார்கள். வெள்ளைப் பரணியில் அரிசி ஊறிய ஓர்ச்சாத்தா. பழுப்பில் புளித்தண்ணீர். பக்கத்தில், வெயில் பட்டால் மாதுளைச் சாற்றைப் போல் ஒளிரும் சிவப்பில் ஹமாய்க்கா.

இதன் செய்முறைக்கு ஒரு தபால் அட்டையில் பாதி போதும். பூவை வேகவை, வடிகட்டு, சர்க்கரை போடு, ஐஸ் போடு. இந்த நான்கு வரிகளில் முதல் வரியோடும் மூன்றாவது வரியோடும் எனக்கு வழக்கு உண்டு.

வழக்குக்கு முன்னால் பொருளைப் பற்றி. ‘ஹமாய்க்காப் பூ’ என்று விற்கப்படுவது பூவே அல்ல. பூ உதிர்ந்த பிறகு, காயைச் சுற்றிச் சதைப்பிடித்துச் சிவக்கும் புல்லிவட்டம் அது. செடியின் தாவரவியல் பெயர் ஹைபிஸ்கஸ் சப்தரிஃபா. நம் சந்தையில் புளிச்சைக் கீரை என்ற பெயரில் கட்டுக்கட்டாக வருபவற்றில் இந்த இனமும் ஒன்று. இலையில் இருக்கும் அதே புளிப்புதான் புல்லியிலும். நம் வீட்டு வாசலில் பூக்கும் செம்பருத்தி ஒரே குடும்பத்தின் வேறு கிளை. இதை நான் கற்றுக்கொண்டது செலவு செய்துதான். ஒரு நாட்டுமருந்துக் கடையில் ‘ஹைபிஸ்கஸ்’ என்று கேட்டு வாங்கி வந்த பொட்டலத்தைத் தண்ணீரில் போட்டதும் மங்கலான ஊதா நிறம் இறங்கியது. குடித்தால் புளிப்பென்று எதுவும் இல்லை. எலுமிச்சை பிழிந்ததும் இளஞ்சிவப்பாகி ஏமாற்றப் பார்த்தது. அது செம்பருத்தி இதழ். கடைக்காரர் மேல் தப்பில்லை, நான் கேட்ட பெயர்தான் இரண்டுக்கும் பொது.

செடியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. செனகலில் பிஸ்ஸாப், எகிப்திலும் சூடானிலும் கர்க்கதே, நைஜீரியாவில் ஸோபோ என்று அங்கே இதற்குக் குறைந்தது மூன்று பெயர்கள். கரீபியத் தீவுகளில் சாரல் என்று இஞ்சி தட்டிப் போட்டு, கிறிஸ்துமஸுக்கு ரம்மும் ஊற்றுவார்கள். மெக்ஸிகோவுக்குள் விளைவதில் பெரும்பங்கு பசிபிக் கரையிலுள்ள கெர்ரேரோ மாநிலத்தினுடையது. ஒவ்வொரு புல்லியையும் காயிலிருந்து கையால் உரித்தெடுத்து, விரித்து, வெயிலில் உலர்த்துகிறார்கள். அந்த உழைப்புக்குப் போட்டியாக நைஜீரியா, சூடான், சீனச் சரக்கும் மெக்ஸிகோச் சந்தைக்குள் வருகிறது. வீட்டில் செய்பவருக்கு இதில் தெரிய வேண்டியது ஒன்றுதான். நல்ல சரக்கு முழுசாக, உலர்ந்த தோல்போல் வளையும், நிறம் கருஞ்சிவப்பு. பழையது பழுப்பேறி, விரலில் பொடியும். எதுவானாலும் தரையில் உலர்ந்தது. குளிர்ந்த தண்ணீரில் ஒருமுறை சட்டென்று அலசினால் பாத்திரத்தின் அடியில் மணல் தங்குவதைப் பார்க்கலாம். அலசுகிறேன் என்று ஊறவிட்டால் மணலோடு முதல் சாறும் போய்விடும்.

செய்முறைகள் சொல்லும் ‘ஒரு கப்’ கணக்கையும் நான் ஏற்பதில்லை. முழுப் புல்லி ஒரு கப்பில் பாதி காற்று. நொறுங்கியது நிறைந்து உட்காரும். தராசில் நிறுங்கள். இரண்டு லிட்டருக்கு 50 கிராம் என்பது என் கணக்கு.

இனி முதல் வழக்கு. ஒரே பொட்டலத்திலிருந்து மூன்று முறை 25 கிராம் நிறுத்தேன். ஒன்றை அரை லிட்டர் தண்ணீரில் கால் மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்டேன். இரண்டாவதற்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்து, புல்லியைப் போட்டு 20 நிமிடம் மூடி வைத்தேன். மூன்றாவது பச்சைத் தண்ணீரில் ஃப்ரிட்ஜுக்குள் இரவு முழுக்க இருந்தது. மூன்றையும் ஒரு லிட்டருக்கு விளாவி, சமமாகச் சர்க்கரை போட்டு, குளிர வைத்து, ஜன்னலோரம் வரிசையாக வைத்தேன்.

பார்வைக்கு மூன்றாவதுதான் ராணி. கெம்புக்கல் நிறம், அடிவரை தெளிவு. முதலாவது கறுத்திருந்தது, தம்ளரின் விளிம்பில், திரவம் மெலிந்து தெரியும் இடத்தில், செங்கல் பழுப்பு ஓடியது. சிவப்பைத் தரும் ஆந்தோசயனின்கள் தண்ணீரில் தாமாகவே கரைபவை. அவற்றை வெளியே கொண்டுவர நெருப்பு அவசியமில்லை, நீண்ட நெருப்பு அவற்றைச் சிதைக்கவும் செய்யும். கொதி கூடுதலாக எடுத்துத் தருவது பெக்டினையும் துவர்ப்பையும். ஜாம் கெட்டிப்படுவதற்கு எந்தப் பொருள் காரணமோ அதே பொருள் இங்கே நாக்கில் ஒரு வழவழப்பாகத் தங்கும். எது எதென்று சொல்லாமல் அக்காவிடம் மூன்றையும் நீட்டினேன். முதல் தம்ளரில் ஒரு வாய் வைத்தவள், “என்னடா இது, ரசத்துக்குக் கரைச்ச புளியை அடுப்புல மறந்துட்டியா?” என்றாள். மூன்றாவதைக் கீழே வைக்கவில்லை.

அத்தோடு தீர்ப்பு எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இது ஐஸ் போட்டுக் குடிக்கும் பானம் என்பதை மறந்து நடந்த பந்தயம் அது. ஆளுக்கு நாலு கட்டி ஐஸ் போட்டுப் பத்து நிமிடம் கழித்து மறுபடி குடித்தபோது கதை மாறியது. ராத்திரி ஊறியதன் மணம் இன்னும் பழம்போலத்தான் இருந்தது, ஆனால் உடம்பில்லை. ஐஸ் கரைந்த தண்ணீருக்குள் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. கொதித்தது ஈடுகொடுத்தது, ஆனால் அதன் துவர்ப்பும் கூடவே ஈடுகொடுத்தது. அடுப்பை அணைத்த பின் ஊறியதுதான் பத்தாவது நிமிடத்திலும் தன் குரலில் பேசியது.

குளிர் முறைக்கு எதிராக இன்னொன்றும் உண்டு. வெட்டவெளியில் உலர்ந்த பொருளைச் சூடே காட்டாமல் குடிக்கிறோம். சாற்றின் அமிலம் ஓரளவு காவல்தான். ஆனாலும் அதைச் சமையல் மேடையில் இரவு முழுக்க விட்டுவைக்க நான் துணிய மாட்டேன். ஃப்ரிட்ஜுக்குள் என்றால் சரி.

கொதிக்க வைக்கும் கட்சியையும் கேட்க வேண்டும். மெக்ஸிகோ வீடுகளில் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். அதைத் தவறு என்று சொல்ல நான் யார்? மதியத்துக்குள் இரண்டு மூன்று பரணி காலியாகும் கடையில் வேகம் வேண்டும், கொஞ்சம் பூவில் நிறைய நிறம் வேண்டும், செறிந்த டிகாஷனாக எடுத்து வைத்துக்கொண்டு அவ்வப்போது விளாவ வேண்டும். அங்கே கொதி நியாயமானது. நாலு பேருக்குச் செய்யும் வீட்டுக்கு அந்த நெருக்கடி எதுவும் இல்லை. கடையின் அவசரத்தை நாம் ஏன் நம் அடுப்பில் ஏற்ற வேண்டும்?

மூன்றாவது வரிக்கு வருவோம். பரவலான அளவு இரண்டு லிட்டருக்கு ஒரு கப் சர்க்கரை, அதாவது சுமார் 200 கிராம். 250 மில்லி தம்ளருக்கு 25 கிராம் விழுகிறது. பெரியவர் ஒருவர் ஒரு நாளில் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை இந்த அளவுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு அது. ஒரே தம்ளரில் முடிந்துவிடுகிறது. கோலாவில் இருப்பதும் ஏறத்தாழ இதே செறிவுதான். 2014-இல் சர்க்கரைப் பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ என்று வரி போடத் தொடங்கிய நாட்டில், 2020 முதல் பாக்கெட்டுகளில் கறுப்பு எண்கோண எச்சரிக்கை அச்சிடவைத்த நாட்டில், வீட்டுப் பரணிக்கு மட்டும் எந்த எண்கோணமும் இல்லை.

இரண்டு வழக்கும் உண்மையில் ஒன்றுதான் என்பது சர்க்கரையைக் குறைத்துப் பார்த்தபோது தெரிந்தது. கொதிக்க வைத்ததில் சர்க்கரையைப் பாதியாக்கினால் குடிக்க முடியவில்லை. துவர்ப்பு முகத்தில் அறைகிறது. அந்த 200 கிராம் புளிப்பை அடக்கப் போட்டதல்ல, கொதியின் குற்றத்தை மறைக்கப் போட்டது. மூடி ஊற வைத்ததில் இரண்டு லிட்டருக்கு 120 கிராம் தாராளமாகப் போதும். நான் 100-லேயே நிறுத்திக்கொள்கிறேன். மெக்ஸிகோவின் பிலோன்சியோ நம் அச்சு வெல்லத்துக்கு உறவு. அதைப் போடுவோரும் உண்டு. சுவையில் ஆழம் வரும், நிறம் கலங்கும். ஒரு தடவை கருப்பட்டி போட்டுப் பார்த்தேன். காய்ச்சலுக்குக் கொடுக்கும் கஷாயம்போல் வந்தது. பேசாமல் குடித்து முடித்தேன். இந்தப் பானத்தின் பாதி அழகு தெளிவு, அதற்கு வெள்ளைச் சர்க்கரையே சரி.

உடம்புக்கு நல்லது என்ற புகழையும் தராசில் வைக்க வேண்டும். ஆதாரமே இல்லாத பேச்சு அல்ல அது. 2010-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ரத்த அழுத்தம் சற்றே கூடியிருந்த 65 பேரில் ஒரு பகுதியினர் ஆறு வாரம் தினம் மூன்று கோப்பை இந்தத் தேநீரைக் குடித்தார்கள்; மேல் அழுத்தம் சராசரியாக 7.2 புள்ளி இறங்கியது, போலிப் பானம் குடித்தவர்களுக்கு 1.3 மட்டும். மதிக்க வேண்டிய எண்தான். ஆனால் அங்கே கோப்பைக்கு 1.25 கிராம் தேநீர்ப்பை. நம் பரணியிலோ பூவும் பல மடங்கு, சர்க்கரையும் அள்ளி. அந்த ஆய்வின் சான்றிதழை இந்தத் தம்ளரில் ஒட்டுவது நேர்மையில்லை. அழுத்தத்துக்கு ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர் தினம் குடிப்பதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

பாத்திரம் எவர்சில்வர் அல்லது கண்ணாடி. அலுமினியம் இந்தப் புளிப்புக்கு ஆகாது. ஊர் மணத்துக்கு ஆசைப்பட்டு மெக்ஸிகோவின் பளபளக்கும் மண்குடுவையில் ஊற்றி வைக்க நினைத்தால், அந்தப் பளபளப்பு எதனால் என்று முதலில் கேளுங்கள். பழைய முறை மெருகில் ஈய ஆக்ஸைடு உண்டு. புளிப்பு அந்த ஈயத்தைப் பானத்துக்குள் இறக்கும். ஈயமில்லா மெருகு போட்டவையும் கிடைக்கின்றன. பட்டை ஒரு துண்டு போட்டால் மறுப்பில்லை. எலுமிச்சை ஏற்கெனவே புளிக்கும் ஒன்றுக்கு வீண். பொடிப் பாக்கெட்டுகள் சிட்ரிக் அமிலமும் சாயமும். அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

வடிகட்டியில் தங்கும் சக்கையும் ஒரு சாட்சி. மெக்ஸிகோவில் பலர் அதை எறிவதில்லை. வெங்காயம், பூண்டு, புகையேற்றிய மிளகாயோடு வதக்கி டாக்கோவுக்குள் வைப்பார்கள், இறைச்சிக்குப் பதிலாக. கால் மணி கொதித்த சக்கையை வதக்கினேன், ஈரத்துணி. மூடி ஊறியதில் புளிப்பு இன்னும் மிச்சமிருந்தது. நல்லெண்ணெயில் சுருள வதங்கியபோது கோங்குரா தொக்கின் வாசனை எழுந்தது. எழாமல் எப்படி, ஒரே செடிதானே.

ஆக என் தீர்ப்பு, நாலு வரியில் இரண்டைத் திருத்தி: ஒரு லிட்டர் தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணை. அலசிய 50 கிராமைப் போட்டு 20 நிமிடம் மூடு. அதற்கு மேல் ஒரு நிமிடமும் வேண்டாம். வடிகட்டி, சூட்டிலேயே 100-லிருந்து 120 கிராம் சர்க்கரையைக் கரைத்து, முக்கால் லிட்டர் குளிர்ந்த தண்ணீர் விளாவி, ஃப்ரிட்ஜில் வை. குறையும் கால் லிட்டர் ஐஸின் பங்கு. அதை முன்கூட்டியே கழித்துவிட்டோம். ஐஸ் போடாமல் குடிப்பவர் வீட்டில் இருந்தால் அவருக்கு மட்டும் குளிர் முறை. அக்காவுக்கு அப்படித்தான் ஒரு பாட்டில் தனியாக ஊறுகிறது. வெள்ளைச் சட்டையோடு யாரும் வடிகட்டப் போக வேண்டாம்.