உலகம் முடிந்த பிறகு: 'நாக்டர்ன்' ஆடுவது எப்படி?

பெரும்பாலான ரோல்பிளேயிங் கேம்களில் உலகத்தைக் காப்பாற்றுவதுதான் நம் வேலை. அட்லஸ் நிறுவனம் 2003-ல் பிளேஸ்டேஷன் 2-க்காக ஜப்பானில் வெளியிட்ட 'ஷின் மெகாமி டென்ஸெய் 3: நாக்டர்ன்' அந்த வேலையை ஆரம்பத்திலேயே நம் கையிலிருந்து பிடுங்கிவிடுகிறது. உடம்பு சரியில்லாத ஆசிரியையைப் பார்க்க ஷின்ஜுகுவில் உள்ள மருத்துவமனைக்குப் போகிறான் ஒரு பள்ளி மாணவன். கூட இரண்டு நண்பர்கள். மருத்துவமனையில் ஈ காக்கை இல்லை. மொட்டை மாடிக்கு ஏறிப் போனால், அவன் கண்ணெதிரிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. டோக்கியோ உள்பக்கமாகச் சுருண்டு ஓர் உருண்டையாகிறது. சூரியன் இருக்கவேண்டிய இடத்தில் ககுட்சுசி என்ற ஒளிக்கோளம் தொங்குகிறது. பிழைத்த மனிதர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த மாணவனும் இப்போது முழு மனிதன் இல்லை, பாதி டீமன்.

இந்த கேமைப் பாதியில் மூடிவைப்பது மிகவும் எளிது. முதல் சில மணி நேரத்திலேயே பலமுறை சாவீர்கள். கடினமும் கதையும் இதில் ஒன்றுக்குள் ஒன்று கிடக்கின்றன என்பதை மனதில் வைத்துக்கொண்டால் அந்தச் சாவுகளையே ரசிக்கலாம். யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்காத உலகம் இது என்று கதை சொல்கிறது. சண்டை அதை நமக்கு உறைக்கவைக்கிறது.

முதலில் சண்டையின் சட்டத்தைப் புரிந்துகொள்ளுங்கள். அதற்கு 'பிரஸ் டர்ன்' என்று பெயர். அணியில் நான்கு பேர் இருந்தால் திரையின் மூலையில் நான்கு சின்னங்கள் தெரியும். ஓர் அடிக்கு ஒரு சின்னம் செலவு. எதிரியின் பலவீனம் பார்த்து அடித்தால் பாதிதான் செலவு. அதாவது நான்கு வாய்ப்பை எட்டு வரை இழுக்கலாம். அடி தவறினாலோ, எதிரிக்கு உறைக்காமல் போனாலோ இரண்டு சின்னம் போகும். எதிரி அதை உறிஞ்சிக்கொண்டாலோ திருப்பி அனுப்பினாலோ மிச்சமிருப்பது மொத்தமும் போய்விடும். எதிரிக்கும் அச்சு அசலாக இதே சட்டம்தான். நம் அணியில் ஒருவருக்கு நெருப்பு ஆகாது என்றால், அதை அவன் கண்டுபிடித்த நிமிடத்தில் சண்டை கைமீறிவிடும். போதாக்குறைக்கு, கூட்டாளிகள் மூவர் உயிரோடு நின்றாலும் நாயகன் விழுந்தால் ஆட்டம் முடிந்தது.

கின்ஸாவுக்கு அடியில் ஓடும் சுரங்கப்பாதையில் மாட்டடோர் வருவான். 2004-ல் வந்த 'மேனியாக்ஸ்' பதிப்பிலும் அதற்குப் பின் வந்த பதிப்புகளிலும் அவன் உண்டு. மண்டையோட்டு முகம், காளைச் சண்டைக்காரனின் ஜரிகை உடுப்பு, கையில் வாள். சண்டை தொடங்கியதும் சிவப்புத் துணியை ஒரு வீசு வீசுவான். அவனுடைய வேகம் உச்சத்துக்கு ஏறிவிடும். அதன்பிறகு நீங்கள் அடிக்கும் அடியெல்லாம் காற்றில்தான். ஒவ்வொரு தவறலுக்கும் இரண்டு சின்னம் வீதம் இரண்டே அடியில் உங்கள் முறை முடிந்துவிடும். லெவலை ஏற்றிக்கொண்டு வந்தால் ஜெயிக்கலாம் என்று பழக்கதோஷத்தில் தோன்றும். வெறும் லெவல் இங்கே அதிகம் எடுபடாது. அவனுடைய காற்று மாயத்தைத் தாங்கும் டீமன்களாகப் பார்த்துச் சேர்க்கவேண்டும்; அவன் வேகத்தை இறக்கும் 'சுகுண்டா', நம் வேகத்தை ஏற்றும் 'சுகுகாஜா' இரண்டும் தெரிந்தவர்கள் அணியில் இருக்கவேண்டும். அப்படி ஒழுங்குபடுத்திக்கொண்டு மறுபடி போனால், எட்டாத சுவராக நின்றவன் ஆடிப்போவதைப் பார்க்கலாம். தயவுசெய்து இந்தச் சண்டைக்கு மட்டும் யூடியூபில் வழி தேடாதீர்கள். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, எது பட்டது எது படவில்லை என்று எழுதி வாருங்கள். மீதி ஐம்பது மணி நேரத்துக்கும் அந்த நோட்டுதான் துணை.

அடுத்தது, பாசம் வைப்பதும் விடுவதும். டீமன்களைப் பேசித்தான் சேர்க்கவேண்டும். காசு கேட்பார்கள், மருந்து கேட்பார்கள், எல்லாம் வாங்கிக்கொண்டு ஓடியும் போவார்கள். மருத்துவமனையிலேயே நம்மோடு சேரும் பிக்ஸி என்ற குட்டித் தேவதை, அந்த வெறிச்சோடிய கட்டடத்தில் நமக்குக் கிடைக்கும் முதல் கூட்டாளி. ஆனால் கொஞ்ச தூரம் போனதும் அவளால் ஈடுகொடுக்க முடியாது. இரண்டு டீமன்களைக் கலந்து மூன்றாவது ஒன்றை உண்டாக்குவதுதான் இந்த கேமில் வளரும் வழி. கலந்த இருவரும் திரும்பி வரமாட்டார்கள், அவர்களுடைய சில திறமைகள் மட்டும் புதியவரிடம் தங்கும். முதல்முறை அந்தப் பொத்தானை அழுத்தக் கை தயங்கினால், நீங்கள் சரியாக ஆடுகிறீர்கள் என்று பொருள். பிக்ஸியின் வழிவந்தவரை மட்டும் கடைசிவரை விட்டுவிடாதீர்கள். காரணம் வெகுதூரத்தில் ஒரு கதவுக்கு முன்னால் தெரியும்.

கலவைப் பட்டியலில் நம் வீட்டுப் பூஜை அறையில் இருப்பவர்களும் வருவார்கள். சிவன், விஷ்ணு, காளி, சரஸ்வதி எல்லோரும் உண்டு. சிவன் வேண்டுமென்றால் பாலித்தீவின் ரங்டாவையும் பாரோங்கையும் கலக்கவேண்டும். ஓயாமல் மோதிக்கொள்ளும் இரண்டு சக்திகளிலிருந்து அழிப்பவன் பிறக்கிறான் என்ற யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. கடவுளையும் பேயையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறார்களே என்று சிலருக்கு உறுத்தலாம். எல்லா ஊர்த் தெய்வங்களையும் ஒரே மரியாதையோடு வரைந்திருக்கிறார் ஓவியர் கஸுமா கனேகோ என்பது சில மணி நேரம் ஆடினால் விளங்கும்.

அவசரமாக ஓடாதீர்கள். ஷோஜி மெகுரோவின் இசை சண்டையில் எலெக்ட்ரிக் கிட்டாராக அலறும். நடக்கும்போது தணிந்து ஒலிக்கும். கேமரா பெரும்பாலும் தள்ளியே நிற்பதால், ஆளில்லாத நீண்ட நடைபாதைகளில் நாயகன் சின்னதாகத் தெரிவான். உடம்பில் ஓடும் பச்சைக்கோடுகள் மட்டும் மினுங்கும். ஷிபுயாவில் செத்தவர்களின் ஆவிகள் நிற்கின்றன. தாங்கள் செத்தது தெரியாமல் பேசுகிறவர்களும் அவர்களில் உண்டு. ஒவ்வொருவரிடமும் நின்று பேசுங்கள். கதையின் பாதி அந்த ஓரிரு வரிகளில்தான் இருக்கிறது.

பிறகு மனிகின்கள். மண்ணால் ஆன, மனிதச் சாயலுள்ள, தலையைச் சொடுக்கிச் சொடுக்கிப் பேசும் ஜீவன்கள். காபுகிசோ சிறையில் அவர்களை அடைத்துவைத்து, அவர்கள் படும் வலியிலிருந்து சக்தியைக் கறக்கிறார்கள். அசாகுசாவிலோ அவர்களே தங்களுக்கென்று ஓர் ஊரைக் கட்ட முயல்கிறார்கள். இந்த இரண்டு இடங்களையும் பார்த்துவிட்டு, அதன்பிறகு கேம் நம்முன் வைக்கும் பெரிய கேள்விக்கு வாருங்கள்: புதிய உலகம் எப்படி இருக்கவேண்டும்? உலகத்தை முடித்துவைத்த ஹிகாவா, தனிமனிதன் கரைந்துபோன அமைதியைக் கேட்கிறான். நண்பன் இசாமு, ஒவ்வொருவரும் தனித்தனியே வாழும் உலகம் வேண்டுமென்கிறான். தோழி சியாகி, வலுத்தவர் மட்டும் வாழட்டும் என்கிறாள். மூன்றுமே பயங்கரம்தான். ஆனால் அந்த இரண்டு நண்பர்களும் என்னென்ன பட்டு அந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதை நாம் கூடவே இருந்து பார்த்திருப்போம். அதனால் சட்டென்று தள்ளிவிட முடியாது.

இன்று ஆட வசதியானது 2021-ல் உலகெங்கும் வந்த எச்டி ரீமாஸ்டர். பிளேஸ்டேஷன் 4, ஸ்விட்ச், கணினி மூன்றிலும் கிடைக்கிறது. எந்தத் திறமை புதிய டீமனுக்குப் போகவேண்டும் என்பதை அதில் நாமே தேர்ந்தெடுக்கலாம். நினைத்த இடத்தில் நிறுத்திவைக்கவும் முடியும். 'மெர்சிஃபுல்' என்ற எளிய முறையும் இருக்கிறது. நேரமில்லாதவர்கள் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம், மாட்டடோரை மட்டுமாவது 'நார்மல்' முறையில் சந்தியுங்கள்.

முடிவுகள் மொத்தம் ஆறு. முதல்முறை எந்த முடிவுக்கும் குறிவைக்காமல், கேட்ட கேள்விக்கு மனதில் பட்டதைச் சொல்லிக்கொண்டே போங்கள். ஆறாவது முடிவுக்கு அமாலா என்ற சுழல்வழியின் அடிமட்டம் வரை இறங்கவேண்டும்; இறங்கி முடித்தால் மற்ற ஐந்தும் அடைபட்டுவிடும். அதை இரண்டாவது ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.