‘ஓனிமுஷா’ மறுபதிப்பு: காத்ததும் களைந்ததும்

பழைய நூலொன்றை மீண்டும் அச்சேற்றுவோர் இருவகையினர். மூலத்தை உள்ளவாறே காத்து, தம் திருத்தத்தை அடிக்குறிப்பில் வைப்போர் ஒருவகையினர். தமக்குச் சரியெனத் தோன்றியதை மூலத்தினுள்ளேயே புகுத்தி, பழையது எது, புதியது எது என்று பிறர் அறியவொண்ணாதபடி செய்துவிடுவோர் மற்றொரு வகையினர். பாடபேதங்களோடு பழகிய தமிழாசிரியர்க்கு இவ்வேறுபாட்டை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இதே வினா கணினி விளையாட்டுத் துறையிலும் எழுந்துள்ளது. முன்பு தனிப்பொறிகளில் ஓடிய விளையாட்டுகள் பல, புதிய கணினிகளுக்கேற்பப் புதுக்கப்பெற்று மீண்டும் விற்பனைக்கு வருகின்றன. ஜப்பானிய நிறுவனமாகிய கேப்காம் வெளியிட்ட ‘ஓனிமுஷா’ என்னும் சாமுராய் விளையாட்டு அவற்றுள் ஒன்று. 2001ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பிளேஸ்டேஷன் 2 என்னும் பொறிக்காக அது முதலில் வெளிவந்தது. அப்பொறிக்கு வந்தவற்றுள் பத்து இலட்சம் படிகள் விற்ற முதல் விளையாட்டு எனப் பெயர் பெற்றது. அதன் மறுபதிப்பு ஜப்பானில் 2018 டிசம்பரிலும், பிற நாடுகளில் 2019 சனவரியிலும், கணினி உள்ளிட்ட பல கருவிகளுக்கு வெளியாயிற்று.

விளையாட்டுக்கு இத்துணை ஆராய்ச்சியா எனச் சிலர் வினவக்கூடும். கதையும் ஓவியமும் நடிப்பும் இசையும் ஒருங்கே அமைந்த படைப்பு எதுவாயினும், அதனை மறுபதிப்புச் செய்வோர் எதைக் காத்தனர், எதைக் களைந்தனர் என்று கேட்பது முறையே ஆகும்.

கதையும் களமும்

கதை 1560ஆம் ஆண்டு ஒகெஹஸாமாப் போர்க்களத்தில் தொடங்குகிறது. ஓடா நொபுனாகா என்னும் தலைவன் தன்னினும் பெரும்படை கொண்டு வந்த இமகவா யொஷிமொதோவை வென்ற போர் அது. வரலாற்றில் நொபுனாகா அதன்பின் 22 ஆண்டுகள் வாழ்ந்து, 1582இல் தன் தளபதி அகெச்சி மிட்சுஹிதே செய்த வஞ்சகத்தால் ஹொன்னோ கோயிலில் உயிர்நீத்தான். விளையாட்டின் கதையோ வெற்றி பெற்ற வேளையிலேயே அவன் தொண்டையில் அம்பு பாய்ந்து இறப்பதாகவும், அரக்கர் கூட்டம் அவனை உயிர்ப்பித்துத் தன்பால் சேர்த்துக்கொள்வதாகவும் மாற்றுகிறது. இனபயாமாக் கோட்டையில் இளவரசி யூகி அரக்கரால் கவரப்படுகிறாள். அவளை மீட்கச் செல்பவன் அகெச்சி குலத்துச் சமனோசுகே. அவனுக்குத் துணை கயேதே என்னும் ஒற்றுப்பெண். நொபுனாகாவுக்குப் பிற்காலத்தில் முடிவு கட்டிய குலத்தின் பெயரையே அவனை எதிர்க்கும் வீரனுக்கும் சூட்டியது கதையாசிரியர் அறிந்து செய்த பொருத்தம்.

பெயர்கள் வேறொரு வியப்பையும் தருகின்றன. அரக்கர் தலைவனின் பெயர் ஃபோர்டின்ப்ராஸ். அவன் கூட்டத்தில் கில்டன்ஸ்டர்ன் என்றும் மார்செல்லஸ் என்றும் அரக்கர் உளர். மூன்றும் ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்து மாந்தரின் பெயர்கள். நாடகத்தில் இறுதிக் காட்சியில் வந்து அரியணைக்கு உரிமை கோரும் இளவரசனின் பெயர், இங்கே நாட்டையே விழுங்க வந்த அரக்கனுக்கு உரியதாயிற்று.

போர்முறை பொறுமையைக் கற்பிப்பது. பகைவனின் வாள் தன்மேல் விழவரும் அந்த நொடியில் சமனோசுகே வாள் வீசினால், ஒரே வீச்சில் பகைவன் வீழ்வான். இதற்கு ‘இஸ்ஸென்’ என்று பெயர். முந்தினாலும் வாய்க்காது, பிந்தினாலும் வாய்க்காது. வீழ்ந்தவரின் உயிர்கள் ஒளித்துளிகளாக மிதக்கும். அவற்றை வீரன் தன் கைக்கவசத்தால் ஈர்த்துக்கொள்ள வேண்டும். சிவப்பு படைக்கலத்தை உரமாக்கும். மஞ்சள் காயத்தை ஆற்றும். நீலம் மந்திர ஆற்றலைத் தரும். ஈர்க்கும் வேளையில் கை வாள் வீசாது. ஆகவே கொல்வதா, கொண்டதைச் சேர்ப்பதா என்னும் முடிவை ஆடுவோர் இடைவிடாது எடுக்க வேண்டியுள்ளது. இத்துணை நுட்பமும் மறுபதிப்பில் பழுதின்றி நிற்கிறது.

காத்த முறை

இனி, மாற்றங்களை நோக்கின், முதலில் காணத்தக்கது திரையின் அளவு. 2001இன் தொலைக்காட்சித் திரை நான்குக்கு மூன்று என்னும் அளவினது. பின்புல ஓவியங்கள் அவ்வளவுக்கென்றே ஆக்கப்பட்டவை. இன்றைய திரையோ பதினாறுக்கு ஒன்பது. அகலத்தை நிரப்பினால் ஓவியத்தின் மேலும் கீழும் மறைந்துவிடும். மறுபதிப்பார் வீரன் நகருந்தோறும் படம் மேலும் கீழும் நகருமாறு அமைத்து, மறைந்த பகுதியைக் காட்டுகின்றனர். ஓவியர் ஒருசேரக் காட்ட நினைத்த காட்சி இதனால் துண்டுபடுகிறது என்பது உண்மையே. ஆயினும் பழைய அளவையும் தெரிவாக வைத்துள்ளனர்; விரும்புவோர் ஓவியத்தை முழுமையாகக் காணலாம்.

அடுத்தது நடையை இயக்கும் முறை. பழைய முறையில் மேல்விசையை அழுத்தினால் வீரன் தான் நோக்கும் திசையில் முன்செல்வான். பக்கவிசைகள் அவனைத் திருப்பும். இதைப் பழைமையின் குறை என்று இகழ்வோர் உளர். காரணமறிந்தால் இகழார். இவ்விளையாட்டில் படக்கருவி நிலையாக ஓரிடத்தில் நிற்கும். வீரன் ஓர் எல்லையைக் கடந்ததும் காட்சி வேறொரு கோணத்துக்குத் தாவும். திரையின் திசையை நம்பி நடப்பவனுக்கு அத்தாவலில் இடம் வலமாகிவிடும்; வீரனின் உடலைத் திசையாகக் கொண்ட பழைய முறையில் அக்குழப்பம் நேராது. மறுபதிப்பில் கைப்பிடியின் நெம்புகோலால் நேரே விரும்பிய பக்கம் நடக்கும் புதுமுறை வந்துள்ளது. பழைய திசைவிசை முறையும் அருகிலேயே உள்ளது.

படைக்கலம் மாற்றப் பட்டியலைத் திறக்க வேண்டியிருந்த தொல்லையும் நீங்கிற்று. ஒரு விசையிலேயே மாற்றலாம். முன்பு பலமுறை தோற்றவர்க்கே திறந்த எளிய நிலை, இப்போது தொடக்கத்திலேயே கிடைக்கிறது. இளையோர்க்கு இஃது உதவியே; கடினத்தை விரும்புவோர்க்கு இதனால் இழப்பொன்றுமில்லை. இதுவரை கூறியவற்றுள் நெறி ஒன்றே: புதியதைச் சேர்த்தனர்; பழையதை அழித்தாரல்லர். நல்ல பதிப்பாசிரியர் செய்வது இதுவே.

களைந்த இசை

இந்நெறி இசையில் பிறழ்ந்தது. 2001ஆம் ஆண்டு விளையாட்டின் இசை பெரிதும் பேசப்பட்டது. ஏறத்தாழ 200 கலைஞர்கள் மேலைக் கருவிகளோடு ஜப்பானிய மரபுக் கருவிகளையும் சேர்த்து இசைத்த பேரிசை அதில் இருந்தது. அதை இயற்றியவர் எனப் பெயர் பெற்றவர் சாமுராகொச்சி மமொரு. செவிப்புலன் இழந்த மேதை எனக் கொண்டாடப்பட்டவர் அவர். 2014 பிப்ரவரியில் அப்புகழ் சரிந்தது. ஏறத்தாழ 18 ஆண்டுகளாக அவர் பெயரில் வந்த இசையை மறைந்திருந்து எழுதியவர் தாமே என்று நீகாகி தகாஷி என்னும் இசையாசிரியர் வெளிப்படுத்தினார். வேறொருவரே எழுதினார் என்பதைச் சாமுராகொச்சியும் ஒப்புக்கொண்டார்.

2019இன் மறுபதிப்பில் அப்பழைய இசை இல்லை. முற்றிலும் வேறு இசை அமைக்கப்பட்டது; ‘புதிய இசை’ என்பது விளம்பரத்தில் ஒரு சிறப்பாகவும் கூறப்பட்டது. திரையளவிலும் நடையிலும் பழையதைத் தெரிவாக வைத்தவர்கள் இசையில் அதற்கு இடம் வைக்கவில்லை.

இதற்கு அமைதி கூற முடியும். கேட்போரை ஏமாற்றிய ஒருவரின் பெயரோடு பொருளை விற்க வணிகர் தயங்குவர். நீகாகியும் குற்றமற்றவரல்லர், அவ்வேமாற்றில் தாமும் உடந்தை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டவர் அவர். உரிமைச் சிக்கலும் இருத்தல் கூடும். இவையனைத்தும் ஏற்கத்தக்கனவே.

எனினும், பொய்யாக இருந்தது எது? இசையன்று, இசையின்மேல் எழுதிய பெயரே பொய். பொய்ப்பெயரை அழித்து மெய்ப்பெயரை எழுதுவது திருத்தம். பெயர் தவறென்று பாட்டையே கிழித்தெறிவது திருத்தமாகாது. நூலாசிரியர் பெயரில் ஐயம் வந்ததென்று எந்தத் தமிழ்ப் பதிப்பாசிரியரும் ஏட்டை ஆற்றில் விட்டதில்லை. ஐயத்தைக் குறித்துவிட்டு நூலை அச்சிட்டனர். மேலும், எழுதியவரின் பெயர் முன்பு மறைந்தது. இப்போது எழுத்தும் மறைந்தது. இந்த ஏமாற்றோடு எத்தொடர்பும் இல்லாத அத்தனை இசைக்கலைஞரின் உழைப்பும் உடன் மறைந்தது. ஏமாற்றியவர்க்குரிய தண்டனையை இவர்கள் சுமப்பது எவ்வாறு நீதியாகும்?

பதிப்பாளர் கடன்

புதிய இசை தீது என்பது இங்கு வாதமன்று. வாளும் அரக்கரும் மோதும் வேளையில் அது தன் கடமையைச் செய்கிறது. குறை, அது தனித்து நிற்பதில் உள்ளது. இவ்விளையாட்டை மறுபதிப்பில் முதன்முதலாக ஆடும் இளைஞன், 2001இல் ஆடியோரும் இதையே கேட்டனர் என்று எண்ணக்கூடும். உண்மையறிய விரும்பினால் அவன் பழைய வட்டையும், அதனை ஓட்டும் பழைய பொறியையும் தேட வேண்டும். பொறிகள் ஆண்டுதோறும் பழுதாகி அருகி வருகின்றன. மறுபதிப்பின் பயனே அவ்வருமையைப் போக்குவதன்றோ?

இதே வரிசையின் இரண்டாம் விளையாட்டும் 2025 மே திங்களில் மறுபதிப்பாயிற்று. இத்தகைய வெளியீடுகள் இன்னும் பெருகும். அவற்றைச் செய்வோர்க்கு ‘ஓனிமுஷா’வே நல்ல பாடத்தையும் தீய பாடத்தையும் ஒருங்கே வைத்திருக்கிறது. திரைக்கு இரண்டு அளவு வைத்தது போல, இசைக்கும் இரண்டு தெரிவு வைக்கலாம். பெயர்ப்பட்டியலில் உண்மையாக எழுதியவர் பெயரைச் சேர்க்கலாம். உரிமை தடுக்குமாயின், முதற்பதிப்பில் வேறிசை இருந்தது, அதை எழுதியவர் இன்னார், இசைத்தவர் இன்னார் என்று ஒரு பக்கக் குறிப்பேனும் விளையாட்டினுள் வைக்கலாம். அவ்வளவு செய்திருந்தாலும் இம்மறுபதிப்பைக் குறையற்றதெனப் பாராட்ட இடம் இருந்திருக்கும்.