எண்ணாமல் விட்ட புலிகள்

உல்லாஸ் காரந்தைப் 'புலி மனிதர்' என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். ஆனா அவர் முதலில் படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். பிறகுதான் ஃப்ளோரிடாவில் காட்டுயிரியல் படித்து, 1990-ல் நாகரஹொளேயில் புலிகளுக்கு ரேடியோ காலர் மாட்டத் தொடங்கினார். சு. தியடோர் பாஸ்கரன் மொழிபெயர்த்த 'கானுறை வேங்கை' வழியாக அவரைத் தமிழிலும் படிக்கலாம்.

அப்போது அரசு, காலடித் தடத்தை வைத்துப் புலிகளை எண்ணியது. எல்லாப் புலியின் தடமும் கண்ணில் படும், தடத்தைப் பார்த்தே எந்தப் புலி என்று சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை. காரந்த் கேட்ட கேள்வி ஒன்றுதான்: கண்ணில் படாத புலிகள் எத்தனை?

விடை, தானியங்கி கேமராவும் வரிகளும். ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு இருக்காது. முதல் சுற்றில் பத்துப் புலிகள் படத்தில் விழுகின்றன என்று வையுங்கள். இரண்டாவது சுற்றிலும் பத்து. அதில் ஐந்து ஏற்கெனவே பார்த்தவை. அப்படின்னா ஒரு சுற்றில் ஏறக்குறைய பாதிதான் சிக்குகிறது. மொத்தம் சுமார் இருபது. 1995-ல் அவர் வெளியிட்ட முறையின் அடிப்படை இதுதான். பார்த்ததை வைத்துப் பார்க்காததை மதிப்பிடுவது.

அரசு உடனே கேட்கவில்லை. 2005-ல் சரிஸ்காவில் ஒரு புலிகூட மிச்சமில்லை என்று தெரிந்த பிறகுதான் பழைய முறை கைவிடப்பட்டது. 2002-ல் 3,642 என்றிருந்த கணக்கு, 2006-ல் புதிய முறையில் 1,411 ஆனது. இரண்டையும் கழித்து 'இத்தனை புலி செத்தது' என்று எழுதுவது தப்பு, அளவுகோலே வேறு. பின்னால் வந்த அரசுக் கணக்கெடுப்புகளையும் காரந்த் விட்டுவைக்கவில்லை.

என் விமர்சனம் வேறு இடத்தில். ஒரு புலிக்கு வருஷத்துக்குச் சுமார் ஐம்பது இரை விலங்குகள் வேண்டும். இரை பெருகினால்தான் புலி பெருகும். அதனால் காட்டுக்குள் இருக்கும் மக்கள் விரும்பி வெளியேற உதவ வேண்டும் என்பது அவர் வாதம். முதல் பாதியில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனா அந்த 'விரும்பி'யை எப்படி அளப்பது? ரோடும் ஆஸ்பத்திரியும் இல்லாத ஊரில் இருப்பவர் 'போகிறேன்' என்றால் அது விருப்பமா, வேறு வழியின்மையா? நாகரஹொளே ஜேனு குறுபர்கள் பலகாலமாகக் கேட்பது இதைத்தான்.

சம்மதித்தவர்களை எண்ணுவது சுலபம். கணக்கில் விழாதவர்கள் எத்தனை பேர்? புலி விஷயத்தில் காரந்த் கேட்ட அதே கேள்வி. இங்கேயும் அதே கறாரோடு கேட்கணும்.