பட்டியலில் விடுபட்ட நகரம்

2024 மார்ச்சில் பெர்லினின் டெக்னோ பண்பாடு ஜெர்மனியின் தேசிய மரபுப் பட்டியலில் ஏறியது. யுனெஸ்கோவின் பெயர் கூடவே வந்ததால் கொண்டாட்டமும் பெரிதாக இருந்தது. பிறந்த ஊர் எதுவென்று கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான்: கலை இன்று எங்கே புழங்குகிறது என்பதைத்தான் பட்டியல் பார்க்கும்.

பெர்லினின் பங்கு சிறிதல்ல. சுவர் விழுந்தபின் கிழக்கே காலியாகக் கிடந்த கட்டடங்களில் இரு பக்கத்து இளைஞர்களும் சேர்ந்து ஆடியது இந்த இசைக்குத்தான். 1991இல் பழைய அங்காடி ஒன்றின் நிலவறைப் பெட்டகத்தில் தொடங்கிய ட்ரெசோர் கிளப், டெட்ராய்ட் கலைஞர்களை அழைத்து வாசிக்கவைத்தது, அவர்களின் இசைத்தட்டுகளையும் வெளியிட்டது.

ஆனால் புழக்கத்தை மட்டும் பார்க்கும் அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. டெட்ராய்ட்டை அடுத்த பெல்வில் பள்ளியில் படித்த ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகிய கறுப்பின இளைஞர்கள் உருவாக்கிய இசை இது. கார்த் தொழில் சரிந்து ஊர் காலியாகிக்கொண்டிருந்த காலம். பெரிய நிறுவனம் எதையும் எதிர்பாராமல் 1985இல் அட்கின்ஸ் தாமே மெட்ரோப்ளெக்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கித் தட்டுகளை வெளியிட்டார். மின்னணு இசையின் முன்னோடிகளான கிராஃப்ட்வெர்க் குழுவினர் ஜெர்மானியர்கள்தானே என்று உடனே கேட்பார்கள். டெட்ராய்ட் வானொலியில் எலெக்ட்ரிஃபையிங் மோஜோ என்ற அறிவிப்பாளர் கிராஃப்ட்வெர்க்கையும் பிரின்ஸையும் ஃபங்க்கையும் ஒரே இரவில் ஒலிக்கவிட்டார். அதையெல்லாம் கேட்டு வளர்ந்த காதுகளிலிருந்து வந்தது டெக்னோ. கிராஃப்ட்வெர்க்கை மட்டும் பிரித்தெடுத்து உரிமை கோருவது நேர்மையல்ல.

டெக்னோவுக்கு முகமில்லை, அதனால் அது எல்லோருக்கும் சொந்தம் என்ற பேச்சு இதைவிட மோசம். டெட்ராய்ட்டின் அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் குழுவினர் முகத்தை மூடிக்கொண்டது இசை வணிகம் தங்களை விற்பனைப் பொருளாக்கக் கூடாது என்பதற்காக. கறுப்பர்கள் தாமாகத் தேர்ந்துகொண்ட ஒரு போராட்ட முறையை அவர்களுடைய ஊரையே அழிக்கச் சாக்காக்குகிறார்கள்.

புழக்கம்தான் அளவுகோல் என்றால், புழங்கப் பணமும் சட்டமும் யாருக்குக் கிடைத்தன என்றும் கேட்க வேண்டும். 1988இல் டெட்ராய்ட்டில் திறந்த மியூசிக் இன்ஸ்டிட்யூட் கிளப் மறு ஆண்டே மூடப்பட்டது. பெர்லினின் பெர்க்ஹைன் கிளப்புக்கோ 2016இல் நீதிமன்றத் தீர்ப்பால் இசைக் கச்சேரிகளுக்குரிய குறைந்த வரி கிடைத்தது. அருவ மரபுகளுக்கான 2003ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கையில் அமெரிக்கா சேரவே இல்லை. எனவே டெட்ராய்ட் தன் பெயரை அந்த வழியில் முன்மொழியவும் முடியாது. வழக்காட வர இயலாதவரின் சொத்தை இன்னொருவர் பெயருக்குப் பதிவு செய்வதுபோல் இருக்கிறது இது.

1993இல் ட்ரெசோர் வெளியிட்ட தொகுப்பின் தலைப்பிலேயே பெர்லின், டெட்ராய்ட் இரண்டும் இருந்தன. மரபுப் பட்டியலின் தலைப்பையும் அப்படித் திருத்த வேண்டும்.