தரைமட்டம்: ஒரு வினையும் அதன் எழுவாயும்

பாஞ்சாலங்குறிச்சி பற்றிய தமிழ் நூல்களில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது: கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. இது ஆங்கில வாக்கியத்தின் நிழல். அங்கே உள்ள வினை 'ரேஸ்'. பந்தயத்துக்கான சொல் அல்ல. இஸட் எழுத்துப் போட்டு எழுதுவது. இந்த ஒரு சொல்லை நாம் கொண்டுவந்த வகையில் முக்கியமான ஒன்று வழியில் விழுந்துவிட்டது என்றே எனக்குப் படுகிறது.

லத்தீனில் 'ராதெரே' என்றால் சுரண்டுதல், மழித்தல். சவரக்கத்தியைக் குறிக்கும் 'ரேஸர்', எழுத்தை நீக்கும் 'இரேஸ்' இரண்டுக்கும் அதே வேர்தான். எழுதியதைச் சுரண்டி எடுப்பது என்ற அர்த்தம் 'ரேஸ்' என்ற வினைக்கே ஒரு காலத்தில் இருந்தது. ஆக, அந்தச் சொல்லுக்குள் ஒரு கத்தி இருக்கிறது, அதைப் பிடித்த ஒரு கையும் இருக்கிறது. நம் 'தரைமட்டம்' விளைவை மட்டும் காட்டுகிறது. தரை தெரிகிறது, கை தெரியவில்லை.

இந்தச் சொல்லின் முழு அர்த்தமும் நிகழ்ந்த இடம் பாஞ்சாலங்குறிச்சி. 1799இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட கம்பெனி, அவன் மண்கோட்டையை இடித்தது. 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினான். சில நாட்களில் கோட்டை மறுபடி நின்றது. 'ரேஸ்' என்றே ஒலிக்கும் இன்னொரு ஆங்கில வினைக்கு எழுப்புதல் என்று பொருள். காதுக்கு ஒன்றாகவும் அர்த்தத்தில் நேரெதிராகவும் உள்ள இரு வினைகளையும் இந்த மண் அடுத்தடுத்துக் கண்டது. மார்ச் இறுதியில் நடந்த தாக்குதல் தோற்று, மே 24இல் கோட்டை விழுந்தது. இம்முறை இடிப்பதோடு விடவில்லை. உழுது ஆமணக்கு விதைத்தார்கள். ஊரின் பெயரையே பதிவேடுகளிலிருந்து நீக்க உத்தரவாயிற்று. மண்ணையும் ஏட்டையும் ஒரே கத்தி சுரண்டியது.

தமிழில் இதற்கு வினை இல்லாமல் இல்லை. சிலேட்டை அழிக்கிறோம், ஊரையும் அழிக்கிறோம். ஆனால் 'அழி' இரண்டு பக்கமும் திரும்பும்: அழிந்தது, அழித்தது. தாமிரபரணி முகத்துவாரத்துக் கொற்கை அழிந்தது. வண்டல் படிந்து, கடல் விலகி, துறைமுகம் தூர்ந்தது. அங்கே தன்வினை நியாயம். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையும் 'அழிந்தது' என்று எழுதும்போது மனிதன் செய்ததைக் காலத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். ஆங்கில வினைக்கு இந்தச் சௌகரியம் கிடையாது. அது எப்போதும் செயப்படுபொருள் குன்றாதது. ஒரு கோட்டை தானாக 'ரேஸ்' ஆக முடியாது. செயப்பாட்டு வினையின் பின்னால் செய்தவனை மறைக்கலாம். இல்லாமல் செய்ய முடியாது.

இன்னொரு விஷயம். புறப்பொருள் வெண்பாமாலையின் உழிஞைப் படலத்தில் 'உழுது வித்திடுதல்' என்றே ஒரு துறை உண்டு. வென்றவன் பகைவர் அரணைக் கழுதை பூட்டி உழுது வரகும் கொள்ளும் விதைப்பது. புறநானூற்றில் பாண்டியன் முதுகுடுமியை நெட்டிமையார் பாடிய 15ஆம் பாட்டில் இந்தக் கழுதை ஏர் வருகிறது. ஔவையார் பாடிய 392இலும் வருகிறது. கம்பெனி செய்ததற்கு நம் இலக்கணம் முன்பே பெயர் வைத்திருந்தது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அந்தத் துறை முழுக்க வென்றவன் புகழ். உழப்பட்ட தெருவில் குடியிருந்தவன் குரல் அதில் கிடையாது. ஆனால் துதி பாடிய புலவன்கூட எழுவாயை மறைக்கவில்லை. உழுதவன் நீ என்று அரசனின் முகத்துக்கு நேரே சொன்னான். நம் நவீன உரைநடை அதைக்கூடச் செய்வதில்லை.

பத்திரிகைகளைப் பார்த்தால் போதும். புயலில் குடிசைகள் தரைமட்டம். குண்டுவீச்சில் நகரம் தரைமட்டம். ஆக்கிரமிப்பு அகற்றத்தில் வீடுகள் தரைமட்டம். காற்றுக்கும் விமானத்துக்கும் புல்டோசருக்கும் ஒரே பெயர்ச்சொல். வினையே போன பிறகு எழுவாயை எங்கே தேடுவது? இது நடைக் குறைபாடு மட்டுமல்ல. யார் செய்தார் என்று கேட்கும் பழக்கத்தையே மொழி நம்மிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

பதிவேட்டில் சுரண்டப்பட்ட பெயரைக் கதைப்பாடல்காரர்கள் வைத்திருந்தார்கள். நா. வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடலைப் படிப்பவர் ஒன்றைக் கவனிக்கலாம். அங்கே எதுவும் 'ஆக்கப்படுவதில்லை'. ஒருவன் வருகிறான், சுடுகிறான், இடிக்கிறான். சரித்திரம் என்ற வகையில் அதில் பிழைகள் இருக்கலாம். வாக்கியம் என்ற வகையில் அது நம்மைவிட நேர்மையானது.

1974இல் தமிழக அரசு அங்கே நினைவுக்கோட்டை ஒன்றை எழுப்பியது. கல்லை எழுப்பியாயிற்று. நம் வாக்கியங்களில் எழுவாயை இன்னும் எழுப்பவில்லை.