பக்கத்துத் தெரு மிருதங்க வாத்தியார்

மிருதங்கம் கற்க யூடியூபே போதும் என்பவர்கள் கண்ணை மட்டும் நம்புகிறார்கள். வலப்பக்கமான வலந்தலையில் ‘நம்’ என்ற சொல்லை வாசிக்கும்போது மோதிர விரல் தோலை லேசாகத் தொட்டு நிற்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினாலும் நாதம் செத்துவிடும். அந்த அழுத்தம் திரையில் தெரியாது, எதிரே சம்மணமிட்டிருக்கும் வாத்தியாரின் காதுக்குத் தெரியும். இடப்பக்கமான தொப்பியில் அப்பும் ரவைப் பசையும் அப்படித்தான்: அளவு தப்பினால் கும்கி என்னும் இழுப்பொலி கெட்டுப்போகும். பக்கத்துத் தெரு வாத்தியார் மாதக்கணக்கில் ‘த தி தொம் நம்’ என்றே ஓட்டுகிறாரே, கச்சேரி செய்யாதவரிடம் என்ன கிடைக்கும் என்று கேட்கலாம். சலிப்பு நியாயம்தான். ஆனால் அதே நான்கு சொற்களை மூன்று காலத்திலும் வாசித்தால்தான் இடது கை பின்தங்குவது வெளிப்படும். மேடைத் திறமை வேறு, சொல்லிக்கொடுக்கும் பொறுமை வேறு. கையைத் திருத்தாமல் வேகத்தை மட்டும் ஏற்றுகிறவராக இருந்தால், தயங்காமல் வேறு வாத்தியாரைத் தேடுங்கள்.