திரை யாருடையது?

1984இல் கோழிக்கோட்டில் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் தொடங்கிய ஒடேசா இயக்கத்தை நம் சிறுபத்திரிகைச் சூழலில் நிறையவே சிலாகித்தாயிற்று. சாப்ளின் படத்தை ஊர் ஊராகத் திரையிட்டு, ஜனங்களிடம் துண்டேந்திச் சேர்த்த காசில் 'அம்ம அறியான்' (1986) எடுத்தார்கள். நமது திரைப்பட இயக்கங்களோ திரையிடலை மட்டும் எடுத்துக்கொண்டு துண்டை விட்டுவிட்டன. காசு போட்டவனுக்குக் கேள்வி கேட்கும் உரிமை வந்துவிடும் என்பதை வசதியாக மறந்தோம்.

காலாப்பட்டில் நாமே சம்பளமில்லாமல் ஒரு திரையரங்கு நடத்தலாம் என்று நண்பர்கள் கூடிப் பேசியபோது எனக்கு உறுத்தியதும் இதுதான். இங்கே 1985இல் வந்த பல்கலைக்கழகம் இருக்கிறது, அதற்கு வெகுகாலம் முந்தைய மீனவர் குப்பமும் இருக்கிறது. தேர்வு மதிலுக்குள்ளே, பார்வையாளர் மட்டும் வெளியேயா? குப்பத்தில் ஒரு பெரியவர் கேட்டார்: "நீங்க காட்டுறத நாங்க பாக்கணும், சரி. நாங்க கேக்குறத நீங்க போடுவீங்களா தம்பி?" அவர் கேட்டது 'படகோட்டி' (1964). எங்களில் பாதிப் பேருக்கு முகம் சுண்டிப்போயிற்று. எனக்கும்தான், மறைப்பானேன். மீனவனாக வரும் எம்ஜிஆரைக் கட்டுடைக்க நம்மிடம் சொற்கள் ஏராளம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்க்கத்தான் பொறுமை இல்லை.

முதல் படம் 'படகோட்டி'யாகவே இருக்கட்டும், தேர்வுக் குழுவில் பாதிப் பேர் குப்பத்தாராக இருக்கட்டும் என்றேன். 'அக்கிரகாரத்தில் கழுதை' (1977) தன் முறைக்குக் காத்திருக்கட்டும். நண்பர்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.